நெல் விதையின் நலத்தை மைக்ரோ ஆர்.என்.ஏ. கொண்டு ஆராயும் முறை: கடலூர், புதுவை வட்டார மாணவர்களுக்கு

கொள்ளிடத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட கடலோர நிலத்தில் சம்பா நெல் பயிரிடுவோர் விதையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நேரடி விதைப்பு செய்த வயலில் மழைநீர் தேங்கினால் முளை நீருக்கடியில் காற்றின்றி அழுகுகிறது. பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து நிலங்களில் மண்ணிலும் நீரிலும் உவர் ஏறி நாற்று கருகுகிறது. தை மாதத்தில் அறுவடைக்கு நிற்கும் பயிர் மழையில் நனைந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடுகிறது. இவற்றிலெல்லாம் தப்பிய விதையும் கடற்காற்றின் ஈரத்தில் சாக்கில் கிடந்து அடுத்த பருவத்துக்குள் வீரியம் இழக்கிறது. இந்த நான்கு இடர்களிலும் விதை எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு ஒழுங்குமுறையில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறு மூலக்கூறுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளால் உறுதியாகியிருக்கிறது.

அண்ணாமலை நகரிலும் காரைக்காலிலும் காலாப்பட்டிலும் வேளாண்மை அல்லது உயிரித்தொழில்நுட்பம் பயிலும் முதுநிலை மாணவர்கள், தங்கள் ஊர் விதையை எடுத்து இந்த ஆய்வைத் தாங்களே செய்து பார்ப்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவைத் தரும் கருவியின் எண், அந்த விதையின் முளைப்பு, ஈரப்பதம், வயது, வளர்ச்சிநிலை ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் தரும். ஆய்வேட்டின் பெரும்பகுதி உழைப்பு குளிர்பெட்டிக்கும், மரபணுத் துண்டைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். கருவிக்கும் போவதைவிட முளைப்புத்தாளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது புரதமாக மாறாத, மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு. தாவரங்களில் அது பெரும்பாலும் 21 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமுடையது. 1993இல் ஒரு புழுவில் விக்டர் ஆம்பிரோஸ், கேரி ரவ்கன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் இதன் முதல் சான்றைக் கண்டன. அதற்காக இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாவரங்களில் இது இருப்பது 2002இல் தெரியவந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவிலிருந்து முதலில் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. உருவாகித் தன்மேலேயே கொண்டை ஊசி போல மடிகிறது. டைசர் வகை நொதி அதை வெட்டிச் சிறு துண்டாக்குகிறது. மற்றொரு நொதி அதன் வால்முனையில் மெத்தில் தொகுதியைச் சேர்த்துச் சிதையாமல் காக்கிறது. அதன் பின் அது ஆர்கோநாட் என்னும் புரதத்தில் ஏறி அமர்ந்து, தன் வரிசைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து வெட்டச் செய்கிறது. தூது ஆர்.என்.ஏ. வெட்டுப்பட்டால் அதற்குரிய புரதம் குறைகிறது. ஆகவே மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடினால் இலக்கு மரபணுவின் வேலை குறையும், குறைந்தால் இலக்கு விடுபடும் என்பது பொது விதி. இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் கேள்வியை வகுத்துக்கொள்ளுங்கள்

‘உவரால் எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மாறுகிறது’ என்று தொடங்கும் ஆய்வு ஒரு பட்டியலில் முடியும். அதைவிட, ஊரில் கண்ட ஒரு குறிப்பிட்ட நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதோடு தொடர்புடையதாக முன்பே நிறுவப்பட்ட ஒன்றிரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தேர்ந்து, நம் ரகங்களில் அவை எப்படி மாறுகின்றன என்று கேட்பது பயனுள்ளது. இவற்றை மிர் என்னும் முன்னொட்டும் எண்ணும் சேர்த்துக் குறிப்பிடுவது வழக்கம். மிர்பேஸ் என்னும் தரவுத்தளத்தில் நெல்லுக்குரியவை ஓஎஸ்ஏ என்ற குறியோடு இருக்கும். வரிசையை அங்கிருந்தே எடுக்க வேண்டும், பிறர் கட்டுரையிலிருந்து பார்த்து எழுதக் கூடாது.

நீருக்கடியில் முளைத்தலை எடுத்துக்கொண்டால் மிர்-393 நல்ல தொடக்கம். இது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனை உணரும் டி.ஐ.ஆர். 1 வகைப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. நெல் விதை நீரில் மூழ்கும்போது மிர்-393 குறைவதும், அதனால் முளைக்குருத்து உறை நீண்டு நீர்மட்டத்தை எட்ட முயல்வதும் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் காட்டப்பட்டன. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் பலர் விரும்பும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தின் சப் 1ஏ மரபணு, வளர்ந்த நாற்று இரண்டு வார அளவுக்கு மூழ்கினாலும் பிழைக்க உதவுகிறது. வளர்ச்சியை அடக்கிச் சக்தியைச் சேமிப்பதே அதன் வழி. விதையோ, அதற்கு நேர்மாறாக, நீருக்கடியிலிருந்து மேலே வர நீள வேண்டும். எனவே சப் 1 ரகம் நேரடி விதைப்பிலும் வெள்ளத்தைத் தாங்கும் என்று எண்ணி ஆய்வைத் திட்டமிட்டால் கேள்வியே பிழையாகிவிடும். விதை மூழ்கி முளைப்பதற்கு உதவும் மரபணுவாக அறியப்பட்டிருப்பது டி.பி.பி. 7, அதை நன்கு பெற்ற ஒரு ரகத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கதிரிலேயே முளைத்தல் உங்கள் கேள்வியாக இருந்தால் மிர்-156ஐப் பாருங்கள். நெல்லில் மிர்-156 மரபணுக்களுள் சிலவற்றைத் திருத்திச் செயலிழக்கச் செய்தபோது விதை உறக்கம் வலுப்பட்டதும், கதிர்முளைப்பு குறைந்ததும், அதற்கு அதன் இலக்கான ஐ.பி.ஏ. 1 மரபணு, முளைப்பைத் தூண்டும் ஜிப்பரெல்லின் ஹார்மோனின் வழியில் தலையிடுவதே காரணம் என்பதும் 2019இல் வெளிவந்தன. தை மழையால் இழப்புக் கண்ட வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறில்லை என்று நினைக்கிறேன். உறக்கத்தைப் பற்றிப் பேசும்போது, முளைப்பைத் தடுத்து உறக்கத்தைக் காக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தை விட்டுவிட முடியாது. தாவர ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில் இந்த அமிலத்தின் தாக்கத்தால் மிர்-159 கூடி மிப் வகை மரபணுக்களைக் குறைக்கிறது. மிர்-160 அடக்கும் ஏ.ஆர்.எப். 10 மரபணு, அதன் பிடியிலிருந்து விடுபட்டால் விதை இந்த அமிலத்துக்கு மிகையாக உணர்வுகொண்டு முளைக்கத் தயங்குகிறது. அராபிடாப்சிஸில் கண்டது நெல்லிலும் அப்படியே நிகழும் என்று எழுதிவிடாமல், நம் விதையில் சோதித்த பின்னர் எழுதுங்கள்.

சேமிப்பில் வீரியம் இழத்தலுக்கு மிர்-164, மிர்-168 ஆகியவை ஏற்கெனவே நெல்லில் ஆராயப்பட்டுள்ளன. உவருக்கும் வறட்சிக்கும் மிர்-393, மிர்-169, மிர்-398 ஆகியன கவனிக்கத்தக்கவை. இவற்றுள் மிர்-398, நச்சு ஆக்சிஜனை முறிக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிகளின் அளவைக் கட்டுப்படுத்துவது.

விதை மாதிரி

ஒரே ரகம், ஒரே வயல், ஒரே நாளில் அறுவடை செய்த நெல் வேண்டும். கடையில் வாங்கிய விதைப் பையில் பல வயல்களின் நெல் கலந்திருக்கக்கூடும். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது. ஆகவே சம்பா அறுவடையின்போது வயலுக்கே சென்று, அறுவடை இயந்திரத்தால் அடிபடாத கதிர்களைக் கையால் அறுத்து வாங்குவது சிறந்தது. அறுத்த நாள், கதிர் முதிர்ச்சி, அறுவடைக்கு முந்தைய வாரத்து மழை, உலர்த்திய முறை, உலர்த்திய பின் ஈரப்பதம் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். மழையில் ஒருமுறை நனைந்து காய்ந்த நெல்லில் முளைப்புக்கான மாற்றங்கள் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அந்த நெல்லும் நனையாத நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் உள்ளே அவை வெவ்வேறு நிலையில் இருக்கின்றன.

நெல்லுக்கு இந்திய விதைச் சான்றளிப்புத் தரம் முளைப்பு 80 விழுக்காடு, புறத்தூய்மை 98 விழுக்காடு, சாதாரணப் பையில் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மிகாமை, காற்றுப்புகாத பையில் 8 விழுக்காட்டுக்கு மிகாமை என்பதாகும். கடலோரத்தில் சாக்கில் வைத்த நெல், உலர்த்தியபோது 12 விழுக்காடு இருந்தாலும் கார்த்திகை மாத ஈரக்காற்றில் மீண்டும் ஈரம் ஏற்றுக்கொள்ளும். ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதையியலில் நெடுநாளாக வழங்கும் ஹாரிங்டன் விதி. அதனால் ஆய்வுக்கு எடுத்த நெல்லை அலுமினியத் தாள் உறையில் அடைத்துக் குளிரில் வைக்கவும். சேமிப்பு ஆய்வுக்கென ஒரு பகுதியை மட்டும் ஊர்ச் சாக்கில், ஊர்க் காற்றில் வைத்து, மாதந்தோறும் ஈரப்பதத்தை அளந்து வரவும். செயற்கையாக முதுமையூட்டுவோர் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மிகுந்த ஈரக்காற்றில் விதையைச் சில நாள் வைப்பர். அது விரைவானது, ஆனால் சாக்கில் மெல்ல மெல்ல முதிர்ந்த விதையில் நிகழும் வேதிமாற்றமும் அதுவும் ஒன்றல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வுக்குத்தான் மதிப்பு அதிகம்.

முளைப்புச் சோதனையை முன்னால் வைக்கவும்

ஆர்.என்.ஏ.வைத் தொடுமுன் 100 விதை வீதம் நான்கு தொகுதிகளாக 400 விதைகளை முளைப்புத்தாளில் சுருட்டி வைத்து, 25 டிகிரியில் ஐந்தாம் நாள் முதற்கணக்கும் பதினான்காம் நாள் இறுதிக்கணக்கும் எடுக்கவும். இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று, முளைக்காத உயிருள்ள விதை, இறந்த விதை என்று நான்காகப் பிரித்து எழுத வேண்டும். இந்தப் பிரிவினை இல்லாமல் ‘முளைப்பு 70 விழுக்காடு’ என்று மட்டும் எழுதினால், மீதி 30 விதை உறங்குகின்றனவா இறந்துவிட்டனவா என்பது தெரியாது. இரண்டுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவில் முற்றிலும் வேறான விளக்கம் வரும். முளைக்காதவற்றை டெட்ராசோலியம் கரைசலில் வைத்தால் உயிருள்ள கரு சிவக்கும். உறங்கும் விதையை 50 டிகிரியில் சில நாள் உலரச் சூடாக்கி மீண்டும் முளைக்க வைத்தும் உறுதிசெய்யலாம். இயல்பான நாற்றுகளின் நீளத்தை அளந்து, முளைப்பு விழுக்காட்டால் பெருக்கினால் வீரியக் குறியீடு கிடைக்கும். முளைப்பு குறையத் தொடங்கும் முன்பே இந்தக் குறியீடு குறையத் தொடங்குவதால், சேமிப்பு ஆய்வுக்கு இது கூர்மையான அளவுகோல்.

இடரை ஏற்படுத்துதல்

உவருக்குச் சோடியம் குளோரைடு 50, 100, 150 மில்லிமோலார் என்று படிப்படியாக வைக்கவும். 100 மில்லிமோலாருக்கு லிட்டருக்கு 5.84 கிராம் உப்பு. அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டெசிசைமன் வரும். நிலத்தில் 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு கடுமையான அளவு என்பது புரியும். நெல் முளைக்கும் பருவத்தில் உவரை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் நொடிந்துபோகும். எனவே முளைப்பில் மட்டும் சோதித்துவிட்டு ‘உவர் தாங்கும் ரகம்’ என்று முடிவு கட்டக் கூடாது. உப்பின் தாக்கத்தில் நீர் கிடைக்காமை ஒரு பங்கு, சோடியத்தின் நச்சு மற்றொரு பங்கு. இரண்டையும் பிரித்தறிய, அதே சவ்வூடுபரவல் அழுத்தம் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 கரைசலில் ஒரு தொகுதியை வைக்கவும். கிள்ளைப் பக்கத்து உவர்நீரில் மக்னீசியம், சல்பேட் முதலியனவும் இருப்பதால், நீர்த்த கடல்நீரில் இன்னொரு தொகுதியை வைப்பது நம் நிலத்துக்கு நெருங்கிய விடையைத் தரும்.

மூழ்கல் சோதனைக்குக் கண்ணாடிக் குழாயில் விதையை இட்டு, கொதிக்க வைத்து ஆற்றிய நீரைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி மூடி வைக்கலாம். அதிகத் தொல்லையில்லாத சோதனை இது.

எப்போது மாதிரி எடுப்பது

இந்த ஆய்வில் மிகுதியான குழப்பம் இங்கேதான் நேர்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். வழக்கமாக ஊறவைத்த 12, 24, 48 மணி நேரத்தில் இரு தொகுதிகளிலும் விதையை எடுத்து ஒப்பிடுவர். நல்ல நீரில் 48 மணி நேரம் இருந்த விதையில் முளைவேரும் குருத்தும் வெளியே வந்திருக்கும். உப்பு நீரில் அதே 48 மணி நேரம் இருந்த விதையில் உமி இப்போதுதான் பிளந்திருக்கும். இந்த இரண்டையும் அரைத்து மிர்-156 அளவில் வேறுபாடு கண்டால், அது உப்பின் விளைவா, அல்லது ஒரு விதை முன்னே போய்விட்டது, மற்றது பின்தங்கிவிட்டது என்பதன் விளைவா என்று சொல்ல இயலாது. மிர்-156 போன்றவை வளர்ச்சிநிலைக்கேற்பவே மாறும் இயல்புடையவை என்பதால் இந்த ஐயம் வெறும் நுணுக்கவாதமன்று.

இதற்குத் தீர்வு, கடிகாரத்தோடு விதையின் நிலையையும் கணக்கில் எடுப்பது. காய்ந்த விதை, உமி பிளந்த நிலை, முளைக்குருத்து உறை ஒரு மில்லிமீட்டர் வெளிவந்த நிலை, அது ஐந்து மில்லிமீட்டர் நீண்ட நிலை என்று நான்கு நிலைகளை வரையறுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் அந்நிலையை அடைந்த விதைகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்கு இரவில்கூட ஆய்வகத்தில் இருந்து தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். ஒரே மணிநேரத்தில் எடுத்த மாதிரியும் ஒரே நிலையில் எடுத்த மாதிரியும் இரண்டும் கையில் இருந்தால், எது தாமதத்தின் விளைவு, எது இடரின் விளைவு என்பது தானே பிரிந்துவிடும். காய்ந்த விதையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தாய்ச்செடியில் முதிரும்போதே சேர்ந்த தூது ஆர்.என்.ஏ.க்களும் சிறு ஆர்.என்.ஏ.க்களும் அதில் அடங்கியிருக்கின்றன. முளைப்பின் தொடக்க நேரங்கள் அந்த இருப்பை நம்பியே நடக்கின்றன. தாய்ச்செடி உவர் வயலில் நின்றதா நல்ல வயலில் நின்றதா என்ற வேறுபாட்டையும் அங்கேதான் தேட வேண்டும்.

ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று தனித்தனி விதைத் தொகுதிகள் வேண்டும். ஒரே அரைப்பிலிருந்து மூன்று முறை அளந்ததை மூன்று மாதிரியாகக் கணக்கிடலாகாது.

கருவைப் பிரித்து ஆர்.என்.ஏ. எடுத்தல்

நெல்லின் பெரும்பகுதி மாவுச்சத்து. முழு நெல்லையும் அரைத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கரைசலான டிரைசாலில் கலக்கினால் கரைசல் கஞ்சி போலக் கெட்டிப்பட்டு, ஆர்.என்.ஏ. அதிலேயே சிக்கிக்கொள்ளும், வெளிவந்த சிறிதளவிலும் மாவுப்பொருள் கலந்து அடுத்த வினையைக் கெடுக்கும். அதோடு, கருவும் முளைசூழ்தசையும் (மாவு நிறைந்த பகுதி) வெவ்வேறு வேலை செய்பவை. சேர்த்து அரைத்தால் இரண்டின் சராசரிதான் கிடைக்கும். ஆகவே கருவை மட்டும் எடுப்பதே முறை. உமியை இடுக்கியால் கையாலேயே உரிக்க வேண்டும். உமி நீக்கும் கருவியில் இட்டால் கரு சிதையும். உரித்த அரிசியைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், காம்பு ஒட்டியிருந்த முனையில், பெரிய உமி மூடியிருந்த பக்கத்தில், வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு குழிவாகக் கரு தெரியும். கூரிய கத்தியின் நுனியை அதன் மேல்விளிம்பில் சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால் காய்ந்த விதையில் அது முழுதாகத் தெறித்து வரும். தட்டின்மேல் ஒரு கண்ணாடி மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் தொலையாது. ஊறிய விதையில் கரு வழுக்கும், மாவும் ஒட்டிவரும். வெட்டுக்காயத்துக்கே மரபணுக்கள் நிமிடங்களில் எதிர்வினை காட்டத் தொடங்குவதால், பிரித்த கருவை உடனுக்குடன் திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். ஒரு மாதிரிக்கு ஐம்பது கருக்களுக்குக் குறையாமல் சேர்க்கவும்.

அரைப்பதற்கு முன் உரலையும் குழவியையும் சூட்டில் உலர்த்தி, நைட்ரஜன் ஊற்றிக் குளிர்வித்துக்கொள்ளவும். பொடி உருகுமுன் டிரைசாலில் கலக்கவும். நீர்ப்பகுதியைப் பிரித்த பின் ஐசோபுரோப்பனாலோடு சோடியம் சிட்ரேட்டும் சோடியம் குளோரைடும் கலந்த அடர் உப்புக் கரைசலைச் சேர்த்தால் மாவுப்பொருள் கரைசலிலேயே நின்றுவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் வீழ்படியும். சிலர் லித்தியம் குளோரைடால் வீழ்படிய வைப்பர். பெரிய ஆர்.என்.ஏ.வுக்கு அது நல்ல முறை. ஆனால் அதில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் வீழ்படியாமல் மேல்நீரோடு போய்விடும். சாதாரணச் சிலிக்கா சல்லடைக் குழாய்களும் 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்தவற்றைப் பிடித்து வைக்காது. வாங்கும் பெட்டி சிறு ஆர்.என்.ஏ.வுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். வீழ்படிவை இரவு முழுவதும் குளிரில் வைப்பது சிறு துண்டுகளை இழக்காமல் காக்கும்.

தூய்மையை அறிய, 260, 280, 230 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கவும். 260க்கும் 230க்கும் உள்ள விகிதம் மிகவும் தாழ்ந்திருந்தால் மாவுப்பொருளோ டிரைசாலோ எஞ்சியிருக்கிறது. ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பதைக் கைவிடாதீர்கள். முதிர்ந்த விதையில் நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் துண்டுதுண்டாக உடைந்திருப்பது ஜெல்லிலேயே மங்கலான நீள்கறையாகத் தெரியும். அந்தச் சிதைவே விதை முதுமையின் ஓர் அடையாளம். மைக்ரோ ஆர்.என்.ஏ. குட்டையானது, ஆர்கோநாட் புரதத்தின் காப்பிலும் இருப்பது என்பதால் அவ்வளவு விரைவில் சிதைவதில்லை. இதனால் முதிர்ந்த விதையில் மைக்ரோ ஆர்.என்.ஏ. விகிதம் கூடியதாகத் தோன்றலாம். உண்மையில் கூடியது அதுவன்று, மற்றவை குறைந்திருக்கின்றன.

அளத்தல்

இத்தனை சிறிய துண்டை வழக்கமான தொடக்கிகளால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளால்) பெருக்க முடியாது. கொண்டை ஊசி வடிவத் தொடக்கியைக் கொண்டு முதலில் அதை நீட்டி டி.என்.ஏ.வாக்குவர். அந்தத் தொடக்கியின் கடைசி ஆறு நியூக்ளியோடைடுகள் மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வால்முனையோடு இணையும். 16 டிகிரியில் அரைமணி நேரம் வைப்பது அந்தக் குறுகிய இணைப்பு நிலைக்க உதவும். பின்னர் நிகழ்நேர பி.சி.ஆர். கருவியில் அளக்கலாம். நெல்லில் மிர்-156க்குப் பன்னிரண்டு மரபணு இருப்பிடங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே முதிர்ந்த வரிசையைத் தருவதால், எந்த இருப்பிடத்திலிருந்து வந்தது என்பதை இந்த முறை சொல்லாது. அதை அறிய முன்னோடி ஆர்.என்.ஏ.வைத் தனியே அளக்க வேண்டும்.

ஒப்பீட்டு அளவாக, செல்களில் எப்போதும் இருக்கும் யு 6 என்னும் சிறு ஆர்.என்.ஏ.வைப் பெரும்பாலோர் கேள்வியின்றி எடுத்துக்கொள்கின்றனர். காய்ந்த விதையிலிருந்து முளைத்த விதைவரை அது மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். யு 6, 5எஸ் ஆர்.என்.ஏ., மாறாத ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மூன்றையாவது உங்கள் எல்லா மாதிரிகளிலும் அளந்து, நிலையானவை எவை என்று கணக்கிட்டு, அவற்றின் சராசரியை அடிப்படையாகக் கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் பயனற்றுப்போகும் ஆய்வேடுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இலக்கை உறுதிசெய்தல்

கணினி முன்கணிப்பு பட்டியல் தரும், சான்று தராது. தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கைத் தன் பத்தாவது, பதினோராவது நியூக்ளியோடைடுகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு எதிரே வெட்டும் வழக்கமுடையது. வெட்டுப்பட்ட துண்டின் முனையை 5 முனை ரேஸ் என்னும், ஆர்.என்.ஏ.வின் தலைமுனையைக் கண்டறியும் முறையில் வரிசைப்படுத்தி, அது அந்த இடத்திலேயே முடிகிறது என்று காட்டினால் வாதம் நிற்கும். ஒரே மாதிரியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் இலக்கையும் சேர்த்து அளக்கவும். ஒன்று கூட மற்றது குறைவதே எதிர்பார்ப்பு. ஆனால் இரண்டும் சேர்ந்து கூடுவதும் உண்டு. மிர்-168 வெட்டுவது ஆர்கோநாட் 1இன் தூது ஆர்.என்.ஏ.வையே என்பதால் அங்கே ஒன்றையொன்று சமன்செய்யும் சுழற்சி இருக்கிறது. அத்தகைய இடத்தில் எதிர்பார்த்த எதிர்த்திசை வரவில்லை என்று தரவை ஒதுக்கிவிடக் கூடாது.

முடிவை எழுதும்போது

‘இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. உவரைத் தாங்க உதவுவது’ என்ற வகை வாக்கியத்தை எழுதும் முன் நிதானிக்க வேண்டும். நெல்லில் மிர்-393ஐ மிகுதியாக வெளிப்படுத்தியபோது தூர்கள் கூடின, பூப்பு முந்தியது, ஆனால் உவரையும் வறட்சியையும் தாங்கும் திறன் குறைந்தது. நெல்லிலிருந்து எடுத்த அதே மிர்-393ஏவை ஒரு புல்வகையில் வெளிப்படுத்தியபோது வறட்சி, உவர், வெப்பம் மூன்றையும் தாங்கும் திறன் கூடியது. ஒரே மூலக்கூறு, செடி மாறியதும் விளைவு தலைகீழானது. ஆகையால் உங்கள் முடிவில் ரகம், திசு, நிலை, இடரின் அளவு ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறட்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவும் வீரியக் குறியீடும் சேர்ந்து மாறினால் அது தொடர்பைக் காட்டும். காரணத்தைக் காட்ட, இலக்குப்போலி முறையில் (இலக்கைப் போன்ற போலி ஆர்.என்.ஏ.வால் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைத்து) அதை அடக்கியோ மரபணுத் திருத்தத்தால் நீக்கியோ பார்க்க வேண்டும். 2022இல் இந்திய அரசு, அயல் டி.என்.ஏ. இல்லாத சிலவகை மரபணுத் திருத்தங்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்குரிய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட இரண்டு திருத்த நெல் ரகங்களுள் ஒன்றான கமலா, நம் வட்டாரத்தில் நன்கு அறிமுகமான பி.பி.டி. 5204இலிருந்து உருவானது. அவ்விரண்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ. வழியில் வந்தவையல்ல, ஆயினும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுக்கும் வயலுக்கும் இடையே பாதை திறந்திருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

உழவரிடம் என்ன சொல்வது

மாதிரி தந்த உழவர் ‘என் விதை எப்படி இருக்கிறது’ என்று கேட்பார், கேட்க உரிமையுடையவர். அவருக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. வரைபடம் பயன்படாது, உங்கள் முளைப்புச் சோதனை முடிவு பயன்படும். அதை எழுத்தில் கொடுங்கள். அறுவடைக்கு முன் கதிரில் முளைவிட்ட நெல்லை விதைக்கு ஒதுக்க வேண்டாம் என்றும், உலர்த்திய நெல்லைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கச் சொல்லியும் விளக்குங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. கலந்தது என்று சொல்லி எவரேனும் விதைநேர்த்தித் திரவம் விற்றால், பதிவுச் சான்றையும் வயல்சோதனை முடிவையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்; காப்பில்லாத ஆர்.என்.ஏ. வெளியில் வெகுவிரைவில் சிதைந்துபோகும் பொருள்.

விதைப்புக்கு முன் நீரில் முட்டை மிதக்கும் அடர்த்தி வரும்வரை உப்பிட்டு, அதில் விதையைக் கொட்டி மிதப்பவற்றை நீக்கி, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுவது பழைய முறை. எடை மிக்க, நன்கு நிறைந்த விதையைப் பிரிக்க இன்றும் இதைவிட எளிய வழியில்லை. மானாவாரி நேரடி விதைப்புக்கு ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கலாம். இப்படிக் கடினப்படுத்திய விதையில் முளைப்பின் முதற்படிகள் நடந்து முடிந்துவிடுவதால் விரைந்து முளைக்கும். அதே காரணத்தால் அதை நெடுநாள் சேமிக்க இயலாது. ஆகவே விதைக்கும் அளவுக்கு மட்டும் நேர்த்தி செய்யட்டும். விதைப்புக்குப் போதிய நாள் முன்பே ஈரச்சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து எண்ணிப் பார்த்து, எண்பதுக்குக் கீழே வந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரியைக் கொடுத்து உறுதிசெய்துகொண்டு, வேறு விதை தேட அவருக்கு நேரம் கிடைக்கும்.